கோச் இல்லாமல் தடகளத்தில் தானாகவே பயிற்சி எடுத்து முன்னேற முடியுமா?

கடைசிவளைவு:

வணக்கம். இங்கே முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 22. ஓடுவது 400 மீட்டர். எட்டாம் வகுப்பிலிருந்து பள்ளி பி.டி. சார்தான் எனக்கு எல்லாமே. கல்லூரிக்குப் போன பிறகும் காலையில் அவரிடம்தான் ஓடினேன். போன வருடம் அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் வேறு தடகள கோச் கிடையாது. பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் இருக்கிறார், ஆனால் போக வர பஸ்ஸிலேயே நாலு மணி நேரம் ஆகிவிடும். நான் வேலை பார்க்கும் செல்போன் கடையில் காலை 10 மணிக்கு ஆஜராக வேண்டும்.

அதனால் ஆறு மாதமாக எனக்கு நானே கோச். சார் கொடுத்த பழைய ஷெட்யூல்களைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு நாள் விடாமல் செய்கிறேன். முதல் இரண்டு மாதம் உடம்பு லேசாக இருந்தது. அப்புறம் ஓடிய மூன்று மீட்டிலும், அதாவது போட்டியிலும், 50.4, 50.1, 50.6 விநாடி. சாரிடம் இருந்தபோது என் பெஸ்ட் 49.6. எல்லாமே கை டைமிங்தான். 300 மீட்டர் வரை யாரும் என் பக்கத்தில் இருப்பதில்லை, கடைசி நூறில் கால் கல்லாகிவிடுகிறது. ஸ்டாமினா குறைந்துவிட்டது என்று நினைத்து மெதுவான ஓட்டத்தை அதிகப்படுத்தினேன். பலன் இல்லை.

அமெரிக்கத் தடை ஓட்டக்காரர் எட்வின் மோசஸுக்குக் கோச்சே இல்லை என்று படித்திருக்கிறேன். அவரால் முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை? என் ஷெட்யூல் தப்பா, இல்லை இந்த வழியே தப்பா?

ஈட்டிமுனை:

தம்பி, முதலில் மனசை விடாதே. முடியும் என்பதற்குச் சாட்சியே இருக்கிறது. ஜூலியஸ் யேகோ. கென்யாவில் நண்டிப் பக்கம், ஊரே ஓடுகிற இடம். அங்கே பிறந்து, குச்சியை எறிந்து எறிந்து ஈட்டிக்கு வந்தவர். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து ஜான் ஜெலெஸ்னி, ஆண்ட்ரியாஸ் தோர்கில்ட்சன் எறியும் யூடியூப் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தே கற்றுக்கொண்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபைனல், 2014 காமன்வெல்த்தில் தங்கம், 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் 92.72 மீட்டர் எறிந்து தங்கம். அந்த எறிதலை நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுவேன். விட்டதும் உடம்பு தரையில் விழுகிறது, ஈட்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஈட்டி எறிந்தேன். மாவட்ட அளவில் இரண்டு தடவை முதலிடம்.

முன்னாள்பிடி:

31 வருடம் பி.டி. ஆசிரியராக இருந்தேன். இப்போது ஓய்வு. யேகோ கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அவர் வீடியோ பார்த்துக் கற்றது முழு உண்மை. ஆனால் லண்டனுக்கு முன்பே சர்வதேச தடகள சம்மேளனத்தின் உதவித்தொகையில் பின்லாந்தின் குவோர்தானே பயிற்சி மையத்துக்குப் போனார். அங்கே பெட்டெரி பீரோனென் என்ற கோச்சின் பார்வையில் எறிந்தார். பின்லாந்து ஈட்டிக்காரர்களின் தேசம், அங்கே போனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்கள் கிடைக்கும். 92.72 எறிந்தபோது அவர் தனி ஆள் இல்லை.

நம் நீரஜ் சோப்ராவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பானிபட்டில் ஜெய்வீர் என்ற சீனியர் ஈட்டியைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். பஞ்ச்குலாவுக்குப் போனபோது அங்கே ஈட்டிக்கென்று தனி கோச் இல்லை, அதனால் அந்தப் பையனும் ஜெலெஸ்னி வீடியோவைப் பார்த்துத்தான் கற்றான். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகு, 2024 கடைசியில், அதே ஜெலெஸ்னியைத் தன் கோச்சாகக் கொண்டுவந்தான். அடுத்த மே மாதம் தோகாவில் 90.23, முதல் தடவையாக 90-ஐத் தாண்டினான். இத்தனை வருடம் வீடியோவில் பார்த்த மனிதர், அப்போது எதிரில் நின்று இவனைப் பார்த்தார். வீடியோவில் நாம் ஜெலெஸ்னியைப் பார்க்கலாம், ஜெலெஸ்னி நம்மைப் பார்க்க மாட்டார்.

தம்பி, ஷெட்யூல் எழுதுவது கோச் வேலையில் சின்னப் பங்குதான். நீ எழுதியதிலேயே பெரிய தப்பு இருக்காது. எனக்கு ஒரே ஒரு விவரம் வேண்டும். அந்த மூன்று மீட்டிலும் உன் முதல் 200 என்ன?

நெடுவழி:

நான் மராத்தான் ஓடுபவன், பதினோரு வருடமாகக் கோச் கிடையாது. என் அனுபவத்தில், நெடுந்தூர ஓட்டத்தில் ஒருவர் தனக்குத்தானே கோச்சாக இருப்பது மற்ற ஈவென்ட்களைவிட எளிது. வேகத்தைக் கடிகாரம் சொல்லிவிடும், உழைப்பை மூச்சு சொல்லிவிடும். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக் பெரும்பாலும் தன் யோசனையில்தான் பயிற்சி எடுத்தார். 400 மீட்டரை ஒரே நாளில் பத்துப் பதினைந்து தடவை இல்லை, நாற்பது தடவை, அதற்கும் மேல் ஓடினார். பைத்தியம் என்றார்கள். 1952 ஹெல்சிங்கியில் 5000, 10000, மராத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய பிறகு எல்லோரும் அவர் வழிக்கு வந்தார்கள்.

இப்போது நார்வேயின் யாகோப் இங்கெப்ரிக்ட்சன். 2022-ல் கோச்சாக இருந்த தன் தந்தையை விட்டுப் பிரிந்தார். அதன் பிறகு அண்ணன்களும் அவருமாகத் தங்கள் பயிற்சியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கம், 2025 பிப்ரவரியில் உள்ளரங்க மைலில் 3:45.14 உலக சாதனை. ஆனால் அந்த வீட்டில் ஓட்டத்துக்கு நடுவே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, உழைப்பு கூடும்போது அதில் ஏறுகிற லாக்டேட்டை அளந்து, அளவு மீறினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். போதும் என்று சொல்கிற வேலையை அந்தச் சின்ன மிஷினிடம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே அண்ணன்களும் இருக்கிறார்கள்.

எனக்கு அந்த மிஷினும் இல்லை, அண்ணனும் இல்லை. நாலு வருடம் முன்பு முழங்காலுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் உட்புறத்தில் ஒரு வலி. கட்டை விரலால் அழுத்தினால் ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று இருக்கும். வேறு எவனாவது இதை என்னிடம் சொல்லியிருந்தால், ஓடாதே, எக்ஸ்ரே எடு என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, ஐஸ் வைத்து ஓடு. மூன்றாவது வாரம் எலும்பில் கீறல். போட்டியும் போயிற்று, அடுத்த நாலு மாதமும் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ரையன் ஹாலையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மராத்தான்காரர். 2010 கடைசியில் கோச்சை விட்டுவிட்டுத் தானே பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். அடுத்த ஏப்ரலிலேயே பாஸ்டனில் 2:04:58. அதைப் பார்த்தவர்கள் கோச்சே தேவையில்லை என்றார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தொடையின் பின்தசை பிடித்துப் பாதியில் விலகினார். அதற்குப் பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை, 2016-ல் ஓய்வு. காரணத்தை அவர் உடம்புக்கு வெளியே இருக்கிற நான் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் முதல் வருடம் நன்றாகப் போனதை வைத்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம். முந்தைய கோச் கட்டிவைத்த உடம்பில்தான் அந்த முதல் வருடத்தை ஓடுகிறோம். தம்பி, உன் முதல் இரண்டு மாதமும் அதேதான்.

மணல்குழி:

நான் நீளம் தாண்டினவள், பல்கலைக்கழக அளவில். இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு இப்போது மாஸ்டர்ஸ், அதாவது மூத்தோர், போட்டிகளில் தாண்டுகிறேன்.

டிவியில் நீளம் தாண்டுதலைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தாண்டியவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்ததும் முதலில் பார்ப்பது ஸ்கோர்போர்டை இல்லை, காலரியை. அங்கே கோச் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து இவ்வளவு என்று காட்டுவார். ரன்-அப்பை அரை அடி பின்னால் வை என்று அர்த்தம். தாண்டும் பலகைக்கு முன் கடைசி நாலு எட்டில், அதாவது காலடியில், நான் எட்டை நீட்டினேனா குறுக்கினேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த வேகத்தில் மூளை பொய் சொல்லும். நன்றாக எகிறினேன் என்று தோன்றிய தாண்டல் 5.10 வந்திருக்கும், சொதப்பினேன் என்று நினைத்தது 5.40 வந்திருக்கும்.

இப்போது கோச் இல்லை. என் வீட்டுக்காரர் பலகைப் பக்கம் உட்கார்ந்து என் கடைசி ஆறாவது எட்டு விழும் இடத்தில் ஒரு சாக்பீஸ் துண்டு வைப்பார். அவருக்குத் தடகளம் ஒன்றும் தெரியாது, அவர் தபால் ஆபீஸ்காரர். ஆனால் அந்தச் சாக்பீஸ் மூன்று தாண்டலில் மூன்று இடத்தில் கிடந்தால் என் ரன்-அப் சரியில்லை என்று எனக்குப் புரிந்துவிடும்.

போல் வால்ட் மட்டும் யாரும் தனியாகச் செய்யாதீர்கள், கை கூப்பிக் கேட்கிறேன். எந்தக் கம்பு, எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும், இன்றைக்கு ஓட்டத்தில் வேகம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லாமல் கம்பை ஊன்றினால், மெத்தையில் விழாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

ஊஞ்சல்மரம்:

எல்லோரும் கோச் நல்லவர், விஷயம் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் 100 மீட்டர். விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த இரண்டு வருடமும் எங்கள் முப்பது பேருக்கும் ஒரே ஷெட்யூல். குண்டு எறிபவனும் நானும் ஒரே எண்ணிக்கையில் படிக்கட்டு ஏறினோம். தொடை பிடித்திருக்கிறது என்று சொன்னால் சோம்பேறி என்று பெயர். ஒரு நாள் அப்படியே ஓடவிட்டார், தசை கிழிந்தது. அங்கிருந்து வெளியே வந்து தனியாகப் பயிற்சி எடுத்த பிறகுதான் 11.2-லிருந்து 10.9-க்கு வந்தேன். தப்பான கோச்சிடம் இருப்பதற்குத் தனியாக இருப்பதே மேல்.

மோசஸ் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அவர் படித்த அட்லாண்டா மோர்ஹவுஸ் கல்லூரியில் ஓடுதளமே கிடையாது. ஊரில் இருந்த பள்ளி மைதானங்களில் ஓடினார். இயற்பியல் மாணவர். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தடைக்கும் தடைக்கும் 35 மீட்டர். மற்றவர்கள் பாதி தூரம் 13 எட்டு வைத்துவிட்டு, களைப்பில் 14, 15 என்று மாறுவார்கள். இவர் பத்துத் தடையும் 13. 1976 தொடக்கம் வரை இந்த ஈவென்டைப் பேருக்கு ஒரு தடவைதான் ஓடியிருந்தார். அந்த வருடம் ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 47.63, உலக சாதனை. 1977 ஆகஸ்டில் ஹரால்ட் ஷ்மிட்டிடம் தோற்றவர், 1987 ஜூனில் மாட்ரிட்டில் டேனி ஹாரிஸிடம் தோற்கும் வரை தொடர்ந்து 122 ஓட்டம் ஜெயித்தார். தனக்குத்தானே பயிற்சி கொடுத்துக்கொண்ட மனிதர் பத்து வருடம் உலகையே ஆண்டிருக்கிறார். இதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது.

முன்னாள்பிடி:

ஊஞ்சல்மரம், நீங்கள் பட்டது அநியாயம். எங்கள் தொழிலில் அப்படியும் ஆட்கள் உண்டு, மறைக்க மாட்டேன். தசை கிழிந்த பையனை ஓடவிட்டவர் செய்ததற்குக் கோச்சிங் என்று பெயர் இல்லை.

மோசஸையும் தள்ளவில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். அந்த ஈவென்டிலேயே அவருக்கு அளவுகோல் இருந்தது. 13 எட்டு வந்ததா இல்லையா என்பதை எண்ணிப் பார்த்துவிடலாம், வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டாம். தடை இல்லாத வெறும் 400-ல் அப்படி எண்ண ஒன்றும் இல்லை. அதனால்தான் முதல் 200 என்ன என்று கேட்டேன்.

இன்னொன்று. கோச் என்றால் கூடவே ஓடுகிற ஆள் என்று தம்பி நினைக்க வேண்டாம். ரியோ ஒலிம்பிக் 400 மீட்டரில் வேய்ட் வான் நீகெர்க் எட்டாவது லேனில் 43.03 ஓடினாரே, அவருடைய கோச் ஆன்ஸ் போத்தாவுக்கு அப்போது வயது 74. கொள்ளுப்பாட்டி.

கடைசிவளைவு:

எல்லோருக்கும் நன்றி. நான் 200 எடுக்கவே இல்லை சார். என் வாட்சில் மொத்த நேரம் மட்டும்தான் பார்ப்பேன். 50.4 ஓடிய மீட்டின் வீடியோ ஒரு ஜூனியரிடம் இருந்தது, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் 200 சுமார் 22.9, இரண்டாவது 27.5. என்னுடைய 200 பெஸ்ட் 22.4.

முன்னாள்பிடி:

அங்கேயே இருக்கிறது பதில். 400-ல் முதல் 200-ஐ விட இரண்டாவது 200 இரண்டு, இரண்டரை விநாடி அதிகமாக இருப்பது சகஜம். உனக்கு 4.6. உன் 200 பெஸ்டை விட வெறும் அரை விநாடிதான் கூடுதலாக எடுத்து முதல் பாதியை ஓடிவிட்டு, மீதியை நடந்து வந்திருக்கிறாய். ஸ்டாமினா குறையவில்லை, செலவுதான் கூடிப்போயிற்று. நீ மெதுவான ஓட்டத்தைக் கூட்டியது இதற்கு மருந்தே இல்லை.

உன் சார் 200 மார்க் பக்கம் நின்று ஏதாவது கத்துவாரா?

கடைசிவளைவு:

ஆமாம் சார். எப்போதும் பின் நேர்க்கோட்டில்தான் நிற்பார். "தோளை விடு, தோளை விடு" என்று கத்துவார். நான் அதைத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்னாள்பிடி:

தைரியம் இல்லை தம்பி, பிரேக். தோளைத் தளர்த்தினால் வேகம் தானாக நிதானத்துக்கு வரும். இத்தனை வருடம் அவர் உன் முதல் 200-ஐப் பிடித்து வைத்திருக்கிறார். ஷெட்யூலை நோட்டில் எழுதிக்கொண்டாய், அந்தக் குரலை எழுதிக்கொள்ளவில்லை.

முதல் 200-ஐ 23.5 பக்கம் ஓடிப் பழகு. வாரம் ஒரு நாள், 200 மீட்டர் மூன்று, அதே வேகம், நடுவில் நன்றாக ஓய்வு. யாராவது 100-லும் 200-லும் நேரத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். அப்புறம் போனை 320 மீட்டர் பக்கம் வைத்து ஒரு வீடியோ எடுத்துப் போடு.

யாழ்த்தடம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட இடத்திலும் இதே நிலைமைதான். மைதானம் உண்டு, பயிற்றுநர் எல்லா நாளும் வர மாட்டார். நாங்கள் மூன்று பேர், 800, 1500 ஓடுகிறோம். ஒருவர் ஓடும்போது மற்ற இருவரும் நேரம் பிடிப்பதும் பார்ப்பதும் என்று முறை வைத்திருக்கிறோம். யார் காலில் நோ, வலி என்று சொன்னாலும் அன்றைக்கு ஓடுவதா விடுவதா என்பதை மற்ற இருவர்தான் முடிவு செய்வது. நோ உள்ளவருக்கு வாக்கு இல்லை.

இதற்கு, ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் முதலில் ஓடிய ரொஜர் பனிஸ்டரின் கதையைத்தான் முன்மாதிரியாக எடுத்தோம். மருத்துவ மாணவர், தன் உடம்பைத் தானே ஆராய்ச்சி செய்து தனியாகப் பயிற்சி எடுத்தவர். 1952 ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் நாலாவதாகத்தான் வந்தார். அதன் பிறகு கிறிஸ் பிரஷர், கிறிஸ் சட்டவே இருவரோடும் சேர்ந்து ஓடினார். பிரஷரின் பயிற்றுநர் பிரான்ஸ் ஸ்டாம்ப்ஃபிளின் ஆலோசனையும் கிடைத்தது. 440 யார் பத்துத் தடவை ஓடும் பயிற்சியில் 61 விநாடிக்குக் கீழே இறங்கவே முடியவில்லை. அடித்துக்கொண்டே இருக்காமல் பயிற்சியை விட்டுவிட்டு ஸ்கொட்லாந்தில் மலையேறப் போனார்கள். திரும்பி வந்ததும் 59. கொஞ்ச நாளில், 1954 மே 6, ஒக்ஸ்போர்டில் காற்று அடித்துக்கொண்டிருந்த மாலையில், முன்னால் பிரஷரும் பிறகு சட்டவேயும் வேகம் கொடுக்க, ஒரு மைல் 3:59.4. அன்றைக்குக் காற்றைப் பார்த்து ஓட வேண்டாம் என்று தயங்கியவரை ரயிலில் வைத்துப் பேசித் துணிய வைத்ததும் ஸ்டாம்ப்ஃபிள்தான். தம்பி, பயிற்றுநர் கிடைக்காவிட்டால் இரண்டு கூட்டாளிகளைத் தேடுங்கோ.

கடைசிவளைவு:

வீடியோ போட்டிருக்கிறேன். வேலிக் கல்லில் போனைச் சாய்த்து வைத்து எடுத்தது, கொஞ்சம் கோணலாக இருக்கும்.

மணல்குழி:

ஐந்து தடவை பார்த்தேன். 320 தாண்டியதும் தலை பின்னால் சாய்கிறது, முகவாய் மேலே போகிறது. அந்த இடத்திலிருந்து பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் விழுகிறது. ஒவ்வொரு எட்டும் பிரேக் போடுகிற மாதிரி. நீங்கள் கால் கல்லாகிறது என்று சொன்னது இதுவாகவும் இருக்கும். எட்டை நீட்டி எட்டிப்பிடிக்கப் பார்க்காதீர்கள், கையை வேகமாக வீசுங்கள், கால் தானாக வரும்.

ஊஞ்சல்மரம்:

மணல்குழி அக்கா சொன்னது சரி. இடது கையும் குறுக்கே நெஞ்சுக்கு வருகிறது. இதை நான் எழுதுகிறேனே, என் ஓட்டத்தை நான் இரண்டு வருடமாக வீடியோ எடுத்தது கிடையாது. இந்த ஞாயிறு எடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசிவளைவு (மூன்று வாரம் கழித்து):

நேற்று ஒரு மீட். முதல் 200 23.7, இரண்டாவது 26.0. மொத்தம் 49.7. பெஸ்ட் இல்லை. ஆனால் கடைசி நூறில் ஒருவனை முந்தினேன், இது எனக்கு முதல் தடவை. 200 மார்க்கில் இருவர் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது துரத்தாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பழைய பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் இப்போது காலையில் வருகிறார்கள். அவர்களுக்கு நான் நேரம் பிடிக்கிறேன், எனக்கு அவர்கள். 200-ல் நின்று "தோளை விடு" என்று கத்தச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் வெட்கப்பட்டார்கள், இப்போது மைதானம் முழுக்கக் கேட்கும்.

சாருக்கும் போன் பண்ணினேன். ஞாயிறுதோறும் வீடியோ அனுப்பச் சொன்னார். ஏண்டா ஆறு மாதமாகக் கூப்பிடவில்லை என்று திட்டினார். ஓய்வில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

முன்னாள்பிடி:

அவருக்கு அது தொந்தரவாக இருக்காது தம்பி, எனக்குத் தெரியும். 26.0-ல் இன்னும் அரை விநாடி இருக்கிறது. அடுத்த வாரம் 200-ஐக் குறைத்து, 300 மீட்டர் இரண்டு ஓடு, நடுவில் 12 நிமிடம் ஓய்வு. போனைக் கல்லில் சாய்க்காமல் பையன் கையில் கொடு, இடுப்பு உயரத்தில் பிடிக்கச் சொல்.